முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு

"யோவ், என்னய்யா ஏமாத்து வேலை இது?"

சர்வீஸுக்கு விட்ட பைக்கை எடுக்க வந்தவன், மெக்கானிக் கடை வாசலிலேயே கத்தினான்.

பின்சக்கரத்தில் அவனுடைய டயர். முன்சக்கரத்தில் வேறு கம்பெனி டயர்.

"என் டயரைக் கழட்டிட்டு எவன் வண்டி டயரையோ மாட்டி வெச்சிருக்க! பொண்ணை உட்கார வெச்சு ஓட்டுற வண்டிய்யா இது!"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அளவு ஒண்ணுதான் சார், தைரியமா ஓட்டலாம். உங்களுதுதான் மொட்டையாக் கிடந்துச்சு."

"அடுத்த மாசம் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல? யாரைக் கேட்டு மாத்தின?"

மெக்கானிக் கடைக்குள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பஞ்சர் ஒட்டக் காத்திருந்த பெரியவர் தன் பங்குக்கு ஆரம்பித்தார். "கொஞ்சம் அசந்தா எஞ்சினையே மாத்திடுவாங்க தம்பி. விடாதீங்க!"

"கேட்டுச்சா? என் டயர் இப்ப வரணும். இல்லேன்னா போலீஸுக்குப் போவேன்."

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனாரு மனுஷன். இங்க நான் திருடன் ஆயிட்டேன். உள்ள வாங்க சார்."

உள்ளே சுவரோரம் ஒரு பைக், முன்பக்கம் டயர் இல்லாமல் வெறும் ரிம்மோடு நின்றது.

அண்ணன் வண்டி.

'பொறுப்பில்லாதவன்' என்று நாலு பேர் முன்னால் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை. ரெண்டு வருஷமாகப் பேச்சே இல்லை.

"ஒரு மணி நேரம் முன்னாடி ஆயில் மாத்த வந்தாரு" என்றார் மெக்கானிக். "உங்க டயரைத் தடவிப் பாத்துட்டு, உடனே புதுசு போடுன்னாரு. ஸ்டாக் இல்ல, திங்கக்கிழமைதான் வரும்னேன். 'மழை வேற பெய்யுது, புள்ளைய வெச்சுக்கிட்டு பாலத்துல இறங்குவான். என்னோடதைக் கழட்டி மாட்டு'ன்னுட்டாரு. நான் மாட்டி முடிக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டு, இப்பத்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனாரு."

அவன் அந்த வெறும் ரிம்மைத் தொட்டுப் பார்த்தான்.

"தப்பா பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றவன், மெக்கானிக்கின் பதிலுக்குக்கூட நிற்காமல் வண்டியைக் கிளப்பினான்.

பஸ் ஸ்டாப்பில் தலையில் கர்ச்சீப்பைப் போட்டுக்கொண்டு தூறலில் நின்றிருந்தார் அண்ணன். பக்கத்தில் வந்து நின்ற பைக்கைப் பார்த்ததும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி இறங்கவும் இல்லை, நகரவும் இல்லை.

முகத்தைத் திருப்பாமலே அண்ணன் கேட்டார்.

"ஈர ரோட்டுல பிரேக் பிடிச்சா நிக்குதா?"

"நின்னுடுச்சுண்ணே" என்றான் தம்பி. "ஏறு."