பக்கத்து வீட்டுக்காரர்

கோபன்ஹேகனிலிருந்து ஓஸ்லோவுக்குக் கப்பல் என்று அவன் சொன்னதும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"ரயில் கிடையாதாய்யா?"

கைப்பேசித் திரையில் தென்காசி வீட்டு அடுப்படி. அங்கே மதியச் சாப்பாடு அப்போதுதான் முடிந்திருந்தது. இங்கே, கோத்தன்பர்க்கில், சனிக்கிழமைக் காலை. அவனுக்குப் பின்னால் மாலின் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள்.

ரயில் உண்டு. நல்ல ரயில்.

அது கோத்தன்பர்க்கில் நிற்கும். அதுதான் சங்கடம்.

"கப்பல்னா தூங்கிக்கிட்டே போயிரலாம்மா," என்றான்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி.

மே மாதத்துப் பயணம். அம்மாவும் அப்பாவும் முதன்முதலாகக் கடல் தாண்டி வருகிறார்கள். கோபன்ஹேகன், ஓஸ்லோ, அங்கிருந்து மலை ஏறி இறங்கும் ரயிலில் பெர்கன். பிறகு ஃபியோர்டுகள். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும். கரையெல்லாம் ஆப்பிள் பூத்திருக்கும், உச்சியில் பனி இன்னும் கரைந்திருக்காது. அந்தப் படத்தை அனுப்பியதிலிருந்து அம்மா வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் ஸ்டாக்ஹோம். அங்கிருந்தே விமானம் ஏற்றிவிடுவான். கூடவே சுற்ற லீவும் போட்டாயிற்று.

எல்லா ஊரிலும் ஓட்டல்.

பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தெருவில் பேச்சு. இருக்கட்டும். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் தெரியும். தெருவில் சேறு கிடந்தால் ஒதுங்கிப் போவோமே, அப்படி அந்தக் கோடு அவன் இருக்கிற ஊரை மட்டும் சுற்றிக்கொண்டு போகிறது.

மாலினைச் சொல்லிக் குற்றமில்லை. அவளைப் பற்றி வீட்டில் எப்போதோ சொல்லிவிட்டான். அம்மா கொஞ்ச நாள் அழுதாள், பிறகு அவளை மாலினி ஆக்கிச் சேர்த்துக்கொண்டாள். பெரியவர்கள் வந்தால் படுக்க வேண்டுமே என்று மடக்குக் கட்டில் பார்த்து வைத்தவளே மாலின்தான். அவர்களுக்கு ஓட்டல்தான் பிடிக்கும் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான்.

விஷயம் அப்பாவின் தொண்டை.

மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர். மேலே இருந்தபடி கீழே நிற்கிறவர்களிடம் பேசிப் பேசி வளர்ந்த தொண்டை. சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளித்தால் தெருவுக்கே கேட்கும். அடிவயிற்றிலிருந்து ஒரு காறல், குடலே வெளியே வந்துவிடுமோ என்கிற மாதிரி ஓர் ஓங்கரிப்பு, கடைசியில் முருகா என்று ஒரு பெருமூச்சு. எதிர்வீட்டில் அதைக் கேட்டுத்தான் தட்டை எடுத்து வைப்பார்கள் என்று கேலி. அவனும் சேர்ந்து சிரித்து வளர்ந்தவன்தான்.

இங்கே கதை வேறு. இந்தக் கட்டடத்தில் தும்முகிறவர்கள்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார்கள்.

போன மாதம், இதே போல ஒரு சனிக்கிழமை, அந்தச் சத்தம் கைப்பேசி வழியாக இந்த அடுப்படி முழுக்க நிறைந்தது. மாலின் பதறிப்போய்த் திரும்பினாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவள் மொழியில் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரர்," என்றான் அவனும் அவள் மொழியில்.

யோசிக்கவே இல்லை. நாக்கு நுனியில் காத்திருந்த மாதிரி வந்து விழுந்தது.

பிறகு அம்மாவிடம், "அந்தப் புறவாசல் கதவைச் சாத்தும்மா. இங்க ஆள் இருக்குல்லா," என்றான்.

அம்மா எழுந்துபோய்ச் சாத்தினாள். எதற்கு என்று கேட்கவில்லை.

மறுநாள் உட்கார்ந்து ரயிலை எடுத்துவிட்டுக் கப்பலைப் போட்டான். வெட்கமாக இருந்தது. அப்பாவை நினைத்தா, தன்னை நினைத்தா என்று பிரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எல்லா ஊரும் நல்லாத்தான்யா இருக்கு," என்றாள் அம்மா இப்போது. "உன் வீடு எந்த நாள்ல வருது?"

வீடு சின்னது என்றான். மாடி ஏற வேண்டும் என்றான். ஒரே ஒரு குளியலறை என்றான். பூசி மெழுக இன்னும் என்ன இருக்கிறது என்று தேடினான்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா இப்ப சத்தமே போடுறதில்லய்யா. வாயில துண்ட வச்சுப் பழகிட்டாவ."

அப்போதுதான் கவனித்தான். புறவாசல் கதவு திறந்தே கிடந்தது.

குழாயடியில் அப்பா குனிந்து நின்றார். துண்டை இரண்டு கையாலும் வாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அவனுக்கு அவமானமாக இருந்தது. இந்த முறை யாரை நினைத்து என்பதில் சந்தேகமில்லை.

மாலின் காப்பியோடு வந்து அவன் தோளில் சாய்ந்தாள். அம்மாவைப் பார்த்துக் கை காட்டினாள். ஏதோ ஞாபகம் வந்தவளாய், தன் மொழியில் அவனிடம் அக்கறையாகக் கேட்டாள்:

"பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்தையே காணோமே. அவருக்குச் சரியாயிடுச்சா?"

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மாலினைப் பார்த்து, வாயைத் திறக்காமல் சிரித்தார்.

"மாலினி என்னய்யா கேக்கா?" என்றாள் அம்மா.

அவன் மாலின் கையிலிருந்து காப்பியை வாங்கிக்கொண்டான்.

"சொல்லுய்யா. அப்பாவும் கேக்காவல்லா."