மொட்டை டயர்

உடையார்பாளையத்திலிருந்து பிக்கப் வண்டி வாங்க வந்தவர் குனிந்து டயரைத் தடவினார். "மீட்டர்ல பன்னெண்டாயிரம்தான் காட்டுது. கம்பெனி டயர் நாப்பதாயிரமாவது தாங்குமே, எப்படிங்க மொட்டையாச்சு?"

முதலாளி முத்தமிழ்செல்வன் சட்டென்று டிரைவர் அஜித்குமார் பக்கம் திரும்பினார். "புது டயரை வித்துத் தின்னுட்டு, பழசை மாட்டிட்டியாடா? இப்பவே போலீசுக்குப் போறேன்!"

திருட்டுப் பட்டம் விழுந்தால் பெரம்பலூரில் இனி எவரும் அஜித்குமாருக்கு வண்டிச் சாவி தரமாட்டார்கள்.

"மாத்தலைங்க முதலாளி."

"அப்புறம் எப்படிடா தேஞ்சுச்சு? உண்மையைச் சொல்லு!"

"விக்கிறப்ப நல்ல விலை போகும்னு, ஒரு வருஷமா மீட்டர் வயரைக் கழட்டிட்டு ஓட்டச் சொன்னது நீங்கதானேங்க!"

"அப்ப டயர் மேல குத்தமில்லை" என்று சொல்லிவிட்டு, வந்தவர் பஸ் ஏறக் கிளம்பினார்.