இருபத்தெட்டு மணங்கு கேட்

"பேய்க்கு ஏதும்மா கனம்?" என்று குழிக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கேட்டான் பஸ் மெக்கானிக் வீரணன். "கனம் ஏறாம இந்தக் கேட்டு திறக்காது."

"அப்ப தினம் மத்தியானம் கிரீச்சுனு திறக்குதே, அது என் பிரமையா?" என்று சீறினாள் சொர்ணலதா. "மூணு தடவை வந்துட்டே. எண்ணெய் போட்டே, சங்கிலியை மாத்துனே, காபியும் நாலு டம்ளர் குடிச்சே. கோளாறு மட்டும் அங்கனயே இருக்கு. நான்சென்ஸ்!"

மதுரை கான்வென்டில் படித்தவள். கோபம் வந்தால் கடைசிச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

கேட், அவள் கணவர் சுயம்புலிங்கத்தின் மூளையில் உதித்தது. போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவருக்கு உலகமே தராசுதான். கேட்டுக்கு வெளியே தரையில் ஒரு பலகை. உள்ளே குழியில், சங்கிலியில் தொங்கும் கல், இருபத்தெட்டு மணங்கு; ஏழெட்டு ஆள் கனம். கார் வந்து பலகையில் ஏறினால் கல் மேலே போகும், கேட் திறக்கும். அப்புறம் ஆடி அசைந்து தானே மூடிக்கொள்ளும். வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. ஊருக்கு ரயில் வந்தன்றுகூட அத்தனை கூட்டம் இல்லை, இதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம்.

கேட் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் சொர்ணலதாதான். தெருக்கிணறு வற்றிவிட்டது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இவள் வீட்டுக் கிணற்றுக்கு வரிசை கட்டினார்கள். அடியில் கிடக்கிற தண்ணீரும் அவர்களுக்கே போனால், கான்வென்ட் சிஸ்டர் கொடுத்தனுப்பிய ரோஜாப் பதியன்கள் என்ன ஆவது?

"ஒருத்தி உள்ளே வரக்கூடாது" என்றாள்.

"எவ வருவா, பார்த்துடறேன்" என்று சுயம்புலிங்கமும் மீசையை முறுக்கினார்.

இரண்டு வாரமாகத்தான் இந்தக் கோளாறு. அவள் மாடியில் கண்ணசரும் நேரமாகப் பார்த்துக் கேட் திறக்கும். படியிறங்கி வருவதற்குள் மூடியிருக்கும். கிணற்றில் மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது.

"நீங்களாவது ஒரு நாள் மத்தியானம் இருந்து பார்த்தா என்ன?" என்று சாயங்காலம் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மண்டியை யாரு பார்ப்பா? நின்னு நின்னு முட்டி விட்டுப்போச்சு, சொர்ணம். கொஞ்சம் எண்ணெய் தடவேன்."

கொஞ்ச நாளாக இது ஒரு தினப்படிப் பாட்டு.

மறுநாள் அவள் மாடிக்குப் போகவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு காகிதப்பூக் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மணி. கம்பிக் கதவுக்கு வெளியே ஆறு பெண்கள் பூனை மாதிரி வந்தார்கள். கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார்கள். குடத்தோடு பலகையில் நெருக்கியடித்து ஏறினார்கள். கேட் அசையவில்லை.

'அப்படியா சங்கதி! நல்லா நில்லுங்கடி' என்று சொர்ணலதா விளக்குமாற்றை இறுக்கிப் பிடித்தாள்.

"மொதலாளி இன்னும் வரலையே?" என்றாள் ஒருத்தி.

"அந்தா வாராக, வாராக!"

எந்த முதலாளி? தெருமுனையில் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு, தொப்பை குலுங்க ஓடி வந்தவர் சுயம்புலிங்கம்.

"அம்மா தூங்கிட்டாகளா, மொதலாளி?"

"இந்நேரம் குறட்டையில ஓடு பறக்கும். காரு சத்தம் கேட்டா நான்னு தெரிஞ்சுரும்னுதான் நடந்து வந்தேன்" என்றபடி அவரும் பலகையில் ஏறினார்.

கேட் ஒரு நடுக்கம் நடுங்கியது. திறக்கவில்லை.

"சரியா இருபத்தெட்டு" என்றார் மண்டிக்காரர். "இன்னும் ஒரு குண்டுமணி வேணும். நேத்து மாதிரியே எல்லாரும் சேர்ந்து குதிக்க வேண்டியதுதான். ஏ ராமுத்தாயி, நிறைமாசம்! நீ குதிக்காத ஆத்தா, கம்பியைப் பிடிச்சுச் சும்மா நில்லு. உன் பங்குக்கு நான் ரெண்டு குதி குதிச்சுக்கிறேன்."

"ஒங்களுக்கு முட்டி வலின்னீகளே?"

"வலிச்சா எண்ணெய் தடவ ஆள் இருக்கு. ஒண்ணு, ரெண்டு…"

எதிரே வந்தால் கடைத்தெருவே எழுந்து கும்பிடுகிற மனுஷர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவளை மாதிரி எம்பி எம்பிக் குதித்தார்.

கிரீச்!

"ஆளுக்கு ஒரு குடம். ராமுத்தாய்க்கு ரெண்டு. ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டிருக்கேன், சத்தம் வராது. வெரசாப் போங்க. சொர்ணத்துக்குத் தெரிஞ்சா குழிக்குள்ள இன்னும் பத்து மணங்கு ஏத்திடுவா."

ஓங்கிய விளக்குமாறு ஓங்கியபடியே நின்றது.

சாயங்காலம் சுயம்புலிங்கம் வீடு திரும்பியபோது குழிக்குள் வீரணன் இருந்தான். பக்கத்தில் இடுப்பில் கையோடு சொர்ணலதா. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எ… என்ன சொர்ணம்?"

"கோளாறு ஆப்பிட்டுருச்சு. கல்லுதான் சரியில்லை."

"மூணு மணங்குக்குக் குறைச்சாச்சு, மொதலாளி" என்றான் வீரணன். "வெறுங்குடத்தோட ஒத்தைப் பொம்பளை ஏறுனாலே திறந்துரும். அம்மா சொன்னாக."

"அய்யய்யோ! தெருவே உள்ள வந்துருமே!" என்று முறைக்குப் பதறினார் அவர்.

"வரட்டும்."

"ரோஜா?"

"ரோஜா என்ன, நிறைமாசமாவா இருக்கு?"

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை 'ணங்'கென்று வைத்தாள்.

"முட்டியைக் காட்டுங்க. நாளையிலேர்ந்து மத்தியானம் மண்டியிலேயே இருங்க. அம்பத்திரண்டு வயசுல தவளையாட்டம் குதிச்சுக்கிட்டு… நான்சென்ஸ்!"