போகாத கெப்பாசிட்டர்

"இன்னொரு கெப்பாசிட்டரும் போயிடுச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க அலிஸ்டர். சொன்னீங்கன்னா இதை இப்படியே கொண்டுபோய்ப் பழைய சாமான் கடையில போட்டுட்டு, என் மக சொல்ற மாதிரி புதுசா ஒண்ணு வாங்கிடுவேன்."

ஐல்சா தன் பாட்டுப் பெட்டியின் ஆம்ப்ளிஃபயரைக் குழந்தை வண்டியிலிருந்து தூக்கி அலிஸ்டரின் ரிப்பேர் கடை மேசைமேல் வைத்தார். டனீடின் ஊரின் மேட்டுத் தெருக்களில் அந்தக் கனத்தைக் கையில் சுமக்க முடியாது. பேரனுக்கு வாங்கிய வண்டிதான் அதற்கு வாகனம். கூடவே சூடாக ஒரு பொட்டலம் சீஸ் ரோல்.

"இப்ப என்ன பண்ணுது?" என்றார் அலிஸ்டர்.

"இடது பக்கம் சத்தம் கம்மி. அப்பப்ப ஒரு இரைச்சல் வேற."

"உட்காருங்க, பார்த்துட்டு வரேன்."

பின்னறையில் அலிஸ்டரின் அக்கா மொய்ரா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். அலிஸ்டர் பெட்டியைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இந்தத் தடவை எது போச்சு?"

"எதுவும் போகலை அக்கா."

"அது தெரிஞ்ச கதைதானே! இல்லாத இரைச்சல் கேக்குதுன்னா அவளைக் காது டாக்டர்கிட்ட அனுப்பு. உன்கிட்ட எதுக்கு வரா?"

அலிஸ்டரிடம் திட்டு வாங்காத ஆள் அந்த ஊரில் குறைவு. பெட்டி வாங்கி இருபது வருஷம் ஆயிற்று, கெப்பாசிட்டரையெல்லாம் மாற்றிவிடலாமா என்று யாராவது வந்தால் போதும். "வயசைப் பார்த்து மாத்தாதீங்க. தலை வீங்கினா, ஒழுகினா, இரைஞ்சா மாத்துங்க. பாடிட்டு இருக்கறதைப் பாட விடுங்க" என்று விரட்டிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர், கணவரை இழந்த ஐல்சா முதல் தடவை வந்தபோது, ஒரு பழுதும் இல்லாத பெட்டியை ஒரு வாரம் வைத்துக்கொண்டு, "ஒரு கெப்பாசிட்டர் போயிடுச்சு, மாத்திட்டேன்" என்று வாய் கூசாமல் புளுகினார். இரண்டாவது தடவையும் அதே புளுகு. காசு வாங்க மட்டும் மனம் வரவில்லை. கல்யாணமே வேண்டாம் என்று காலம் தள்ளியவருக்கு ஐல்சாவை அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

"போச்சுன்னு சொன்னா பெட்டியைத் தூக்கிப் போட்டுடுவாங்க. நல்லா இருக்குன்னு சொன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. எப்படிச் சொன்னாலும் இனிமே வரமாட்டாங்க அக்கா."

"அறுபத்துமூணு வயசுல காதெல்லாம் சிவக்குது பாரு! போய் உண்மையைச் சொல்லித் தொலைடா."

அலிஸ்டர் பெட்டியோடு முன்னால் வந்தார். ஐல்சாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இதுல ஒண்ணும் போகலை ஐல்சா."

"அப்பாடா!"

"போன தடவையும் போகலை. அதுக்கு முந்தின தடவையும் போகலை. மாத்தினேன்னு சொன்னதெல்லாம் பொய்."

"பொய்யா? எதுக்கு?"

"நல்லா இருக்குன்னா அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டீங்களே, அதுக்குத்தான்."

எல்லாம் கெட்டது என்று அலிஸ்டருக்குத் தோன்றியது. ஆரம்பித்ததை நேர்மையாகவாவது முடித்துவிடலாம் என்று தொடர்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர், பாவம், போறதுக்கு முன்னாடி உள்ள இருக்கற கெப்பாசிட்டர் அத்தனையும் புதுசா மாத்தியிருக்கார். என்ன ஒரு கை! நான்கூட இவ்வளவு சுத்தமா ஈயம் பத்தவைக்க மாட்டேன். இன்னும் இருபது வருஷத்துக்கு யாரும் இதைத் தொட வேண்டாம். தாராளமா எடுத்துட்டுப் போங்க."

ஐல்சா பெட்டியைத் தொடவில்லை. நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

"என் வீட்டுக்காரருக்கு ஒரு பல்பு மாட்டக்கூட வராது அலிஸ்டர். அத்தனையும் நான் மாத்தினது. மாத்தி, நல்லாப் பாடுதான்னு கேட்டுப் பார்த்துட்டுத்தான் முதல் தடவை இங்க தூக்கிட்டு வந்தேன்."