சிமெண்டுப் பெட்டை

ஆண் நண்டு மறுபடியும் வந்து பற்றிக்கொண்டது.

இரண்டு முறை பிரித்துவிட்டாயிற்று. முழங்கால் தண்ணீரில் குனிந்து, கொடுக்கை நோகாமல் நெம்பி, அலைப்பக்கம் திருப்பிவிட்டான். போவதுபோலப் போனது. ஈட்டிவாலை இழுத்துக்கொண்டு வளைந்து, அதே இடத்துக்கு வந்தது.

அது பற்றியிருந்தது பெட்டை இல்லை. சிமெண்டு.

அவன் வார்த்த சிமெண்டு.

செத்த பெட்டையின் குதிரைலாட ஓட்டில் அச்செடுத்து ஊற்றியது. வீடு கட்டுகிற கை நண்டு கட்டும் என்று யார் கண்டது. சிலதற்குக் கறுப்பு அடித்தான், சிலதற்கு வெள்ளை. மணலில் பதித்ததும் ஆண்கள் கறுப்பைத் தேடி வந்தன. வெள்ளையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஆராய்ச்சிக்கு வந்திருந்த துர்கேஸ்வரிதான் சொன்னாள்.

"ஆயிரம் குட்டிக் கண்ணு, அங்கிள். ஒவ்வொண்ணுக்கும் தனி நரம்பு. வெளிச்சம் பட்ட கண்ணு பக்கத்துக் கண்ண அடக்கிடும். அதனால இருட்டும் வெளிச்சமும் சேர்ற ஓரம்தான் பளிச்சுனு தெரியும். ஓரம் சரியா இருந்தா போதும், அதுக்கு அதான் பொண்டாட்டி."

சிரித்தாள். அவனும் சிரித்துவைத்தான்.

இன்னொன்றும் காட்டினாள். இருட்டறைத் தொட்டியில் ஒரு நண்டு. கண் நரம்பில் மயிரிழைக் கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒலிபெருக்கி. பகலெல்லாம் ஊமையாகக் கிடந்த பெட்டி, பொழுது சாய்ந்ததும் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோலப் படபடத்தது. அறைக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் போகவில்லை.

"மூளை கண்ணுக்குச் சொல்லி அனுப்புது, அங்கிள். சாயங்காலம் ஆச்சு, தெறந்துக்கன்னு."

இன்றோடு ஆராய்ச்சி முடிந்தது. எல்லாவற்றையும் பெயர்த்துவிடச் சொல்லியிருந்தாள். இதுதான் கடைசி.

மூன்றாம் முறை பிரித்தான்.

"அது இல்லடா. போயிரு."

சிமெண்டைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டான். திரும்பிப் பார்த்தான். பெயர்த்த குழியை நண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

ஒட்டியே திரிகிற புருஷன் பெண்டாட்டியை மலாய்க்காரர்கள் இந்த நண்டின் பேரைச் சொல்லித்தான் கேலி செய்வார்கள். பெலாங்காஸ். அவனும் அஞ்சலையும் ஒரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த காலத்தில் ஒட்டுக்கடைக்காரர் சத்தமாகக் கேட்பார்.

"பெலாங்காஸ் வந்தாச்சி. தேத்தண்ணிக்கு ஒரு கிளாஸ் போதுமா, ரெண்டு வேணுமா?"

அஞ்சலை வெட்கப்படமாட்டாள். "ஒண்ணே குடுங்க, காசு மிச்சம்" என்பாள்.

அவள் செத்து ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது.

அவள் சமைத்த குசினியின் வாசலில் நேற்றுவரை அவள் கைலி தொங்கியது. வேலைக்குக் கிளம்பும்போது குசினி விளக்கைப் போட்டுவிட்டுப் போவான். சாயங்காலம் கேட்டில் நின்றால் முன்சன்னல் வழியே தெரியும். வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்பாக ஒரு ஓரம்.

நிற்பாள்.

உள்ளே போனால் கைலிதான். அதனால் உடனே உள்ளே போகமாட்டான்.

மகள் கண்டுபிடித்துவிட்டாள். இன்று காலை வந்தவள் கைலியை உருவி, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இது தொங்குற வரைக்கும் நீங்க இந்த வீட்ட விட்டு வரமாட்டீங்கப்பா. நாளைக்கு கார் கொண்டாறேன். கெளம்பி நில்லுங்க."

சரி என்றான். மனசாரத்தான் சொன்னான்.

தள்ளுவண்டியைக் கரையில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கையில் கடலுப்பு காய்ந்து இழுத்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தான்.

கேட்டில் நின்று பார்த்தான்.

மழை இல்லை. காதுக்குள் தகரக் கூரைத் தூறல்.

கைலி போன குசினி வாசலில் தோள் தெரிந்தது. பிறகு, இடுப்பின் வளைவு.

கேட்டில் வைத்த கையை எடுத்துக்கொண்டான். திறந்தால் கிரீச்சிடும்.

"நாளைக்கு மவ வர்றா," என்றான், கேட்கும் அளவுக்கு மட்டும். "என்னா சொல்லட்டும்?"