வலிக்கு ஓர் எண்

அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீடுகளில் காலையானால் சுவரில் பதித்த கருவி கேட்கும்: "உடம்பு வலி பத்துக்கு எத்தனை?" ஏழுக்கு மேல் சொன்னால் நர்ஸ் வருவார். மாவட்டம் முழுக்க வரும் பதில்களை அலசும் புள்ளியியல் மென்பொருளைத் திருநெல்வேலியில் இருந்து பார்த்துக்கொண்டவள் ஜெபசெல்வி.

தினமும் பத்து மணிக்கு அது ஒரே இடத்தில் முரண்டு பிடித்து நிற்கும். 'எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து' என்று திரை சிவக்கும். கடையத்தில் தனியாக வாழும் ஆறுமுகநயினார்தான் காரணம். சுவர் எப்போது கேட்டாலும் அவர் பதில், "பரவால்ல."

ஜெபசெல்வி போன் செய்வாள். "தாத்தா, ஒரு நம்பர் சொல்லுங்களேன்."

"வலிய எப்படிம்மா எண்ண முடியும்? அது கெடக்கு, நீ சாப்ட்டியா?"

எழுத்தைத் தள்ளிவிட்டு ஓடும்படி மென்பொருளில் ஒரே ஒரு வரி எழுதினால் பிழை தீர்ந்துவிடும். எட்டு மாதமாக அவள் அதை எழுதவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மென்பொருள் எங்கும் நிற்காமல் ஓடி முடிந்தது. ஜெபசெல்வி பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஆறுமுகநயினார் பெயருக்கு நேரே 3 என்று இருந்தது. மென்பொருளுக்கு அது நல்ல செய்தி. அவள் உடனே போனை எடுத்தாள்.

"இன்னைக்கு ரொம்பப் பேச முடியாது போலருக்கும்மா," என்றார் அவர், மூச்சு வாங்க. "அதான் ஒரு நம்பரச் சொல்லிட்டேன்."

யாரிடமும் அனுமதி கேட்காமல் நர்ஸை அனுப்பினாள். மாரடைப்பு. நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

சாயங்காலம் முதன்முறையாக அவரை நேரில் பார்க்கப் போனாள். குரலை வைத்தே கண்டுகொண்டவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல வளத்தியான பொண்ணுன்னுலா நெனச்சேன். இம்புட்டுதான் இருக்கியா!"

"டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தாத்தா," என்றபடி ஜெபசெல்வி ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.