அறுபத்து நான்கில் ஒருத்தி

“பேரே எழுத வேண்டாங்க்கா. யாரு சொன்னதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. என்னை நம்புங்க.”

மதிவதனி கெஞ்சாத குறைதான். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் அந்தத் தொழிற்சாலைக்கு, புள்ளிவிவரம் பார்க்கிற வேலைக்கு வந்து ஆறு மாதமாகிறது. மணல் பிரிவில் அறுபத்து நான்கு பெண்கள். பாதிக்கு மேல் இருமல். ஆனால் கருத்துப் படிவத்தில் அறுபத்து மூன்று பேரும் ஒரே பாட்டைத்தான் பாடியிருந்தார்கள்: ‘ஒரு கொறையும் இல்லீங்க.’ இருமலுக்கு லீவு போட்டவர்கள்கூடக் காரணம் ‘ஊர் நோம்பி’ என்றே எழுதியிருந்தார்கள். அடக் கொடுமையே, வருடம் முழுக்கவா ஊரில் திருவிழா வரும்?

பழனியாத்தாள் மட்டும் படிவத்தை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள்.

“சோறு போடற எடத்தக் கொறை சொல்லலாமுங்களா, அம்மணி?”

“ஒருத்தராவது சொன்னாத்தானுங்க்கா தூசி இழுக்கற மெசினு வரும். இல்லீனா எல்லாரும் இப்படியே இருமிட்டுக் கெடக்க வேண்டியதுதான்.”

பழனியாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

வெறும் எண்களைக் காட்டினால் முதலாளி சசிதர் கொட்டாவி விடுவார் என்று மதிவதனிக்குத் தெரியும். அதனால் கதையாகவே சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை. மதுக்கரையில் ஏறி, காந்திபுரத்தில் பஸ் மாறி வருகிற ஒரு அம்மா. நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். கேட்டு முடித்த சசிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மனசு கேக்கலீங்க. ரெண்டு நாள் டைம் குடுங்க.”

மதிவதனிக்குத் தலைகால் புரியவில்லை. மெஷினுக்கு மூன்று கம்பெனிகளில் விலைகூடக் கேட்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார்.

“உங்க கதைய மறக்கவே முடியலீங்க. அறுபத்து மூணு பேருக்கு ஒரு கொறையும் இல்ல. ஒருத்தங்களுக்குத்தான் ஒத்துக்கல. பாவம், அந்தம்மாவ இனிச் சிரமப்படுத்தக் கூடாதுங்க. காலைலயே வேலைய விட்டு நிறுத்திப்போட்டேன்.”

“சார், நான் பேரே சொல்லலீங்களே...”

“மதுக்கரையில இருந்து வர்றது ஒருத்தங்கதானுங்களே. அப்பறம் மத்தவங்களையும் நிக்க வெச்சு, வேற யாருக்காச்சும் ஒத்துக்கலீங்களான்னு கேட்டேன். ஒருத்தருகூட இருமலீங்க.”